சினைப்பை நீர்க்கட்டி நோய்: ஒரு பரிசீலனை

மகளுக்கு மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லையே என்று கவலைப்பட்டுத் தாயார் அவளை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல, ஸ்கேன் எடுத்த இடத்தில் இரண்டு சினைப்பைகளிலும் நீர்க்கட்டிகள் தென்படுவதாக எழுதிக் கொடுக்க, இனி இவளுக்குக் கல்யாணம் எப்படி, குழந்தை எப்படி என்ற விசாரம் ஒன்றே குடும்பம் முழுவதையும் ஆட்கொண்டுவிடுவது இன்று தமிழ்நாட்டில் நகரம், கிராமம் என்ற வித்தியாசமின்றி நடந்துவரும் காரியம். பி.சி.ஓ.டி. என்றும் பி.சி.ஓ.எஸ். என்றும் வழங்கும் எழுத்துக்களைக் கல்லூரி மாணவி முதல் அவளுடைய பாட்டி வரை எல்லோரும் அறிவார்கள். பெயர் இவ்வளவு பிரசித்தமாயிருந்தும், அந்த வியாதியின் சுபாவம் என்ன, சரீரத்தில் அது எங்கே வேர் கொண்டிருக்கிறது, எத்தனை காலம் உடன் வரும் என்பவற்றில் தெளிவான அபிப்பிராயம் உடையவர்கள் சிலரே. வைத்தியர்களுங்கூட வெகுகாலம் அந்தத் தெளிவை அடையவில்லை. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளில் அவர்களுடைய பார்வை சினைப்பை என்ற சிறிய உறுப்பிலிருந்து விலகிச் சரீரம் முழுவதற்கும் விரிந்தது. நம்முடைய வீடுகளின் பார்வையோ புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்காட்ட விரும்பும் விஷயம்.

1721-ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியரான அந்தோனியோ வல்லிஸ்நேரி, ஓரளவு பருத்த சரீரமும் மகப்பேறின்மையும் கொண்ட இளம் குடியானவப் பெண்களின் சினைப்பைகள் வழக்கத்தைவிடப் பெரிதாகவும், மேடு பள்ளமாகவும், வெண்மையாகப் பளபளத்துப் புறா முட்டையை ஒத்தும் இருந்ததாக எழுதி வைத்தார். அதற்குப் பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த விஷயம் துண்டுதுண்டான குறிப்புகளாகவே கிடந்தது. 1935-இல் சிகாகோ நகரத்து மகப்பேறு வைத்தியர்களான இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவெந்தால் என்ற இருவர், மாதவிடாய் நின்றுபோய், முகத்தில் ரோமம் வளர்ந்து, சினைப்பைகள் பருத்திருந்த ஏழு பெண்களின் விருத்தாந்தத்தை வெளியிட்டார்கள். பரிசோதனைக்காகச் சினைப்பையிலிருந்து சிறிது சதையை வெட்டி எடுத்த சில பெண்களுக்கு மாதவிடாய் தானாகவே திரும்பியதைத் தற்செயலாகக் கவனித்திருந்த அவர்கள், அதையே சிகிச்சையாக்கி, ஒவ்வொரு சினைப்பையிலும் ஆப்பு வடிவத்தில் ஒரு பாகத்தை வெட்டியெடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிடாய் ஒழுங்குபட்டது. இருவர் கர்ப்பம் தரித்தார்கள். நோய்க்கு வெகுகாலம் அவ்விருவர் பெயரே வழங்கியது. ஆனால் கத்திபட்ட இடத்தில் திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குழந்தைப் பேற்றுக்கு அதுவே புதிய தடையாக முளைத்ததால், மருந்துகள் வந்த பிறகு அந்த அறுவை மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது.

ஸ்டைனும் லெவெந்தாலும் எழுதுவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னதாகவே, 1921-இல், பிரான்ஸில் ஆஷார், தியேர் என்ற இரு வைத்தியர்கள் தாடி முளைத்த பெண்களுக்கு நீரிழிவும் சேர்ந்து வருவதைப் பற்றி எழுதியிருந்தார்கள். மகப்பேறு வைத்தியர் சினைப்பையைப் பார்த்தார். நீரிழிவு வைத்தியர் சர்க்கரையைப் பார்த்தார். இருவர் முன்னும் வந்து நின்றவள் ஒருத்திதான் என்பது விளங்க அறுபது ஆண்டுகள் கழிந்தன. 1980-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்நோயுள்ள பெண்களின் ரத்தத்தில் ஆண்மை ஹார்மோன் மிகுந்திருக்கும்போது இன்சுலினும் மிகுந்திருப்பதைக் காட்டியபோதுதான் அந்த இரண்டு கதைகளும் ஒன்றாயின. வைத்திய சாஸ்திரம் உறுப்பு உறுப்பாகப் பிரிந்து வளர்ந்ததால் விளைந்த நன்மைகள் அநேகம். அதனால் விளைந்த நஷ்டங்களுக்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது.

நீர்க்கட்டி என்றதும் வெட்டி எடுக்கவேண்டிய கட்டி என்றோ, நாளை புற்றாக மாறக்கூடியது என்றோ அஞ்சுகிறவர்கள் பலர். ஸ்கேனில் சினைப்பையின் ஓரத்தில் மணிகோத்தாற்போல் தெரிபவை கட்டிகளே அல்ல. ஒவ்வொரு மாதமும் சில கருமுட்டைப் பைகள் வளரத் தொடங்கி, அவற்றுள் ஒன்று மட்டும் மேலோங்கி முதிர்ந்து வெடித்து முட்டையை வெளிவிட, மற்றவை சுருங்கிப்போவது இயற்கையின் முறை. இந்த நோயில் அவை இரண்டு முதல் ஒன்பது மில்லிமீட்டர் அளவு வரை வளர்ந்து, கதிர் வாங்காமல் நின்றுவிட்ட பயிரைப்போல, அந்த நிலையிலேயே தங்கிவிடுகின்றன. அவை நோய்க்குக் காரணமல்ல; நோயின் விளைவு. முட்டை முதிர்ந்து வெளிவராததால் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரப்பதில்லை. அது சுரவாததால் கர்ப்பாசயத்தின் உள்வரி காலத்தில் உதிராமல் தடித்துக்கொண்டே போய், மாதக்கணக்கில் கழித்து ஒரு நாள் பெருக்காகவோ, விட்டு விட்டுச் சொட்டாகவோ வெளிப்படுகிறது.

பயிர் அவ்வாறு நின்றுபோவானேன்? இங்கேதான் விஷயம் சினைப்பையை விட்டு வெளியேறுகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பைக்கு அனுப்பும் இரண்டு ஹார்மோன்களில் எல்.எச். என்பதை மிகுதியாகவும் எஃப்.எஸ்.எச். என்பதைப் போதாமலும் அனுப்புகிறது. முன்னது சினைப்பையை ஆண்மை ஹார்மோன்களை அதிகம் உற்பத்தி செய்யத் தூண்டுகிறது; பின்னது குறைவதால் முட்டை முதிர்வதில்லை. (ஆண்மை ஹார்மோன் என்று பெயரிருந்தாலும் எல்லாப் பெண்களின் சரீரத்திலும் அது சிறிதளவு இருக்கவே செய்கிறது.) இதோடு இன்சுலினும் வந்து சேருகிறது. உணவிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையைத் தசைகள் ஏற்றுக்கொள்ளச் செய்வது இன்சுலினின் தொழில். தசைகள் அதன் கட்டளைக்கு மந்தமாகவே இணங்கும்போது, கணையம் அதை மேலும் மேலும் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. தசைக்கு இருக்கும் அந்த மந்தம் சினைப்பைக்கு இல்லாமையால், மிகுந்த இன்சுலின் அங்கே முழு வேகத்தோடு வேலைசெய்து ஆண்மை ஹார்மோனை மேலும் பெருக்குகிறது. அந்த ஹார்மோனைப் பிணைத்து அடக்கி வைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உற்பத்தி செய்வதுண்டு. இன்சுலின் மிகுந்தால் அதுவும் குறைந்துபோகிறது. முகப்பரு, மேலுதட்டிலும் மோவாயிலும் முரட்டு ரோமம், தலையின் உச்சியில் முடி கொட்டுதல் ஆகிய லட்சணங்கள் இந்த வழியில் தோன்றுகின்றன. கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுத்து வெல்வெட்டுப்போல் ஆவதும் இன்சுலின் மிகுதியின் அடையாளமே. அதை அழுக்கென்று எண்ணிக் கடலைமாவும் பீர்க்க நாரும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பெண்கள் எத்தனையோ பேர்.

நோயை நிர்ணயிக்கும் விதத்தில் வைத்தியர்களுக்குள்ளேயே நெடுநாள் விவாதம் இருந்தது. 1990-இல் அமெரிக்காவில் கூடிய நிபுணர்கள், ஆண்மை ஹார்மோன் மிகுதி, முட்டை ஒழுங்காக வெளிவராமை இரண்டும் இருந்தால்தான் இந்நோய் என்றார்கள். 2003-இல் ராட்டர்டாம் நகரில் கூடியவர்கள் ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றத்தை மூன்றாவதாகச் சேர்த்து, மூன்றில் எந்த இரண்டு இருந்தாலும் போதும் என்றார்கள். 2006-இல் வேறொரு நிபுணர் சங்கம் ஆண்மை ஹார்மோன் மிகுதியைக் கட்டாயமாக்கி நடுவழியொன்றைக் கண்டது. வித்தியாசம் வெறும் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், பதினெட்டு முதல் நாற்பது வயதுக்குட்பட்ட ஏறக்குறைய 9,800 இந்தியப் பெண்களைப் பரிசோதித்து 2024-இல் வெளியான ஆய்வில், முதல் அளவுகோலின்படி 7.2 சதவீதம் பேருக்கும், நடுவழியின்படி 13.6 சதவீதம் பேருக்கும், ராட்டர்டாம் முறைப்படி 19.6 சதவீதம் பேருக்கும் இந்நோய் இருப்பதாகக் கணக்காயிற்று. அதே பெண்கள்தான், அளவுகோல் மாறியதும் நோயாளிகளின் தொகை இரண்டரை மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. ஐந்தில் ஒரு பெண்ணுக்கு நீர்க்கட்டி என்று பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போடும்போது வாசகர் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நலம். இன்று சர்வதேச அளவில் பெரும்பாலோர் பின்பற்றுவது ராட்டர்டாம் முறையைத்தான். 2023-இல் திருத்தி வெளியிடப்பட்ட சர்வதேச வழிகாட்டு நெறி, வயது வந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனையையும் அனுமதிக்கிறது.

அதே நெறி இளம்பெண்களைப் பற்றி விதித்திருக்கும் எச்சரிக்கையை நம் நாட்டு ஸ்கேன் கூடங்கள் வாசலிலேயே எழுதி ஒட்டலாம். பூப்பெய்திய முதல் ஆண்டில் மாதவிடாய் தாறுமாறாக வருவது இயல்பு. அடுத்த இரண்டு ஆண்டுகள் வரையிலும் ஓரளவு முன்பின்னாக வருவது கவலைக்குரியதன்று. வளரும் பெண்களின் சினைப்பையில் பல சிறு பைகள் தென்படுவது பலருக்கும் இயல்பாக உள்ளதே என்பதால், பூப்புக்குப் பின் எட்டு ஆண்டுகள் வரை ஸ்கேன் தோற்றத்தை வைத்து இந்நோயை நிர்ணயிக்கலாகாது. பதினாறு வயதுப் பெண்ணொருத்தியின் தலையில் ஸ்கேன் ஒன்றை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு ஆயுள் முழுவதற்கும் ஒரு நோயின் பெயரைச் சுமத்துவது வைத்தியமாகாது என்றே நான் கருதுகிறேன். மறுபுறத்தில், தைராய்டுக் கோளாறு, புரோலாக்டின் மிகுதி, அட்ரினல் சுரப்பியின் பிறவிக் குறை ஆகியவையும் இதே வேஷத்தில் வரக்கூடும். அவற்றை விலக்கிய பின்னரே இந்தப் பெயரைச் சூட்டவேண்டும். சில மாதங்களுக்குள் குரல் தடித்து ரோமம் வேகமாக வளர்ந்தால், அது வேறு ஆபத்தின் குறியாக இருக்கலாம். அதைத் தாமதமின்றிச் சோதித்தறிய வேண்டும்.

இந்நோய் யாருக்கு வருகிறது என்ற கேள்விக்கு முதல் விடை பரம்பரை. இரட்டையரை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் இதில் பரம்பரையின் பங்கு பாதிக்கு மேற்பட்டதென்று காட்டின; ஆனால் எந்த ஒரு மரபணுவும் தனியாக இதை உண்டாக்குவதில்லை. தெற்காசியர்களுடைய நிலைமை தனியே ஆராயத் தக்கது. இலங்கையைச் சேர்ந்த சந்திரிகா விஜேரத்ன, ஆங்கிலேய நிபுணர் ஆடம் பேலன் முதலியோர் யார்க்ஷயரில் வாழும் தெற்காசியப் பெண்களை அங்குள்ள வெள்ளையர்களோடு ஒப்பிட்டு 2002-இல் எழுதியபோது, நம்மவர்களுக்கு நோய் இளவயதிலேயே வெளிப்படுவதையும், ரோமமும் பருவும் கழுத்துக் கருமையும் அதிகமாயிருப்பதையும், இன்சுலின் மந்தம் கடுமையாயிருப்பதையும் கண்டார்கள். இலங்கையின் கம்பஹா மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று செய்த ஆய்வொன்று 2008-இல் வெளிவந்தது. பதினைந்து முதல் முப்பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களில் 6.3 சதவீதம் பேருக்கு இந்நோய் உண்டென்று அது கணித்தது. புனேயில் யாக்னிக் என்ற வைத்தியரின் குழுவினர், எடை குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தைகளின் சரீரத்திலுங்கூடத் தசை குறைந்து கொழுப்பு காப்பாற்றப்பட்டிருப்பதைக் காட்டினார்கள். பார்வைக்கு மெலிந்தவர், உள்ளே கொழுத்தவர் என்ற இந்த அமைப்பினால்தான் ஐரோப்பியருக்கு ஆபத்தில்லை என்று கருதப்படும் எடையிலேயே நமக்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது. ஒல்லியான பெண்ணுக்கு இந்நோய் வராது என்ற எண்ணம் தவறென்பதற்கும் இதுவே சமாதானம்.

சிகிச்சை என்று வரும்போது எல்லோரும் முதலில் சொல்வது எடையைக் குறை என்பது. எடை மிகுந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் திரும்புகிறது என்பது மெய்தான். ஆனால் நோயே எடையைக் கூட்டும் இயல்புடையது என்பதை மறந்து, சோம்பலும் தீனியும்தான் காரணம் என்ற தோரணையில் அதைச் சொல்வதால், வைத்தியரிடம் மறுபடி போகவே கூசுகிற பெண்கள் உண்டு. இந்த உணவுமுறைதான் மற்றெல்லாவற்றிலும் சிறந்தது என்று எதையும் ஆராய்ச்சிகள் நிலைநாட்டவில்லை. வரகும் சாமையும் நல்லவையே ஆயினும், அரிசிச் சோற்றை உண்ட அளவிலேயே அவற்றையும் உண்டால் பெரிய பிரயோஜனம் இராது. தட்டில் சோறு குறைந்து பருப்பும் காய்கறியும் முட்டையும் மீனும் கூடுவதே காரியம். வாரத்துக்கு நூற்றைம்பது நிமிஷமாவது மூச்சு வாங்க நடப்பதும், இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுப்பதும், எடை குறையாவிட்டாலுங்கூட இன்சுலின் மந்தத்தைத் தணிக்கின்றன. பூப்பெய்தியதும் பெண்ணை ஓட்டம் விளையாட்டு எல்லாவற்றையும் விட்டு உள்ளே உட்காரவைத்து, உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்துத் தேற்றிய வழக்கம், மறு வாரமே நாற்று நடவுக்குப் போகும் வாழ்க்கைக்கு ஏற்பட்டது. களி மட்டும் மிஞ்சி நடவு போய்விட்டது.

மருந்துகளில் அதிகம் தப்பர்த்தம் செய்துகொள்ளப்பட்டது கருத்தடை மாத்திரை. கல்யாணமாகாத பெண்ணுக்கு இதையா கொடுப்பது என்று சில தாய்மார் கோபித்துக்கொள்கிறார்கள்; இதைச் சாப்பிட்டால் பின்னால் குழந்தை பிறக்காது என்று வேறு சிலர் பயப்படுகிறார்கள். அது கர்ப்பாசயத்தின் உள்வரியைக் காலத்தில் உதிரச் செய்து காப்பதோடு, கல்லீரலின் புரதத்தைப் பெருக்கி ஆண்மை ஹார்மோனையும் அடக்குகிறது. நிறுத்திய பிறகு கருத்தரிக்கும் சக்தியை அது கெடுப்பதில்லை. ரத்தம் உறையும் சுபாவம் உள்ளவர்கள், பார்வை மங்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் முதலியோர் வைத்தியரிடம் அதைச் சொல்லி விலக்கிக்கொள்ளவேண்டும். மாத்திரையைச் சாப்பிடும்வரை மாதந்தோறும் வரும் ரத்தப்போக்கைக் கண்டு நோய் தீர்ந்ததென்று நினைப்பதும் பிழையே. மாத்திரை வேண்டாதவர்களுக்குக்கூட மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் இல்லாமல் விடக்கூடாது. பல ஆண்டுகள் தடித்துக்கொண்டே போகும் உள்வரியில் பிற்காலத்தில் புற்று தோன்றும் அபாயம் சாதாரணப் பெண்களைவிட இவர்களுக்குச் சில மடங்கு கூடுதல். நீரிழிவுக்குரிய மெட்ஃபார்மின் இந்நோயில் இன்சுலினைத் தணிக்க உதவுகிறது. ஆனால் அதிலிருந்து குழந்தையை எதிர்பார்த்தவர்களுக்கு 2007-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனை ஏமாற்றத்தையே தந்தது: அதை மட்டும் உண்டவர்களில் 7.2 சதவீதம் பேருக்கும், முட்டையை வெளிவரச் செய்யும் குளோமிஃபீன் என்ற மருந்தை உண்டவர்களில் 22.5 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. 2014-இல் 750 பெண்களை வைத்துச் செய்த மற்றொரு சோதனையில் லெட்ரோசோல் என்ற மருந்து குளோமிஃபீனையும் வென்றது: குழந்தை பிறந்தது முன்னதை உண்டவர்களில் 27.5 சதவீதம் பேருக்கு, பின்னதை உண்டவர்களில் 19.1 சதவீதம் பேருக்கு. அந்த லெட்ரோசோலை மகப்பேற்றுச் சிகிச்சைக்கு உபயோகிக்கக்கூடாதென்று இந்திய அரசு 2011-இல் தடை செய்து, சில ஆண்டுகளுக்குப் பின் அத்தடையை நீக்கியது என்பது இச்சரித்திரத்தில் ஒரு வேடிக்கையான கிளைக்கதை.

குழந்தை பிறக்காது என்ற பயம் எவ்வளவு ஆதாரமற்றதென்பதற்கு இந்த மருந்துகளின் பயனே சாட்சி. இந்நோயுள்ள பெண்களுக்கு முட்டைக்குப் பஞ்சமில்லை; அது வெளிவருவதில்தான் தாமதம். பலர் எந்த மருந்துமின்றியே கருத்தரிக்கிறார்கள், மாத்திரைகளாலேயே அநேகர் கருத்தரிக்கிறார்கள், ஒரு சிறு பங்கினருக்கே சோதனைக்குழாய் முறை தேவைப்படுகிறது. ஆயினும் மாவட்டத் தலைநகர்தோறும் மகப்பேற்று நிலையங்களின் விளம்பரப் பலகைகள் பெருகிய காலத்தில், இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் சீக்கிரம் கல்யாணத்தை முடித்துவிடு, தள்ளினால் கஷ்டம் என்று சொல்லும் குரல்களும் பெருகியிருக்கின்றன. படிப்பை நிறுத்திக் கல்யாணத்தை அவசரப்படுத்த இந்நோய் ஒரு சாக்காக அமைந்துவிடுகிறது.

கழற்சிக்காய்ச் சூரணத்தை மிளகோடு உண்ணும் சித்த வைத்திய வழக்கம் இந்நோய்க்கு இன்று மிகவும் பிரபலம். வெந்தயத்துக்கும் அவ்வாறே பெயர் உண்டு. இவற்றை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை, ஏனெனில் மெட்ஃபார்மினே ஐரோப்பியக் கிராமவாசிகள் மருந்தாக அறிந்திருந்த ஒரு செடியின் ஆராய்ச்சியிலிருந்து கிளைத்தது. ஆனால் அந்தச் செடியிலிருந்து மாத்திரை வரும்வரை அளவும், விஷத்தன்மையும், பயனும் படிப்படியாகச் சோதிக்கப்பட்டன. கழற்சிக்குப் போதிய அளவில் அவ்விதச் சோதனை இன்னும் நடக்கவில்லை. இருபத்தொரு நாளில் கட்டி கரையும் என்று உறுதி கூறுபவர்களிடம், கரைய அங்கே கட்டியே இல்லையே என்று கேட்கலாம்.

மனத்தின் பாடு இவை எல்லாவற்றிலும் குறைவாகப் பேசப்படுகிறது. மனச்சோர்வும் பதற்றமும் இந்நோயுள்ள பெண்களிடம் மற்றவர்களைவிட அதிகமென்று ஆராய்ச்சிகள் காட்டியதால், நோய் தெரிந்த அன்றே அவற்றைப் பற்றியும் விசாரிக்கவேண்டும் என்று 2023-ஆம் ஆண்டு நெறி விதிக்கிறது. நம் ஊர் வைத்தியசாலைகளின் நெரிசலில் அந்த விசாரணைக்கு நேரம் கிடைப்பது அருமை. முகத்தில் ரோமம் உள்ள பெண் அனுபவிக்கும் கூச்சத்தைச் சிறிய விஷயமென்று ஒதுக்குகிறவர்கள் அவளிடத்தில் இருந்து பார்த்ததில்லை. நம் பாட்டிமார் கஸ்தூரி மஞ்சளைப் பூசியதும், இன்று பெண்கள் அழகு நிலையத்தில் நூல்கொண்டு எடுப்பதும், லேசர் சிகிச்சைக்குப் பணம் சேர்ப்பதும் வெறும் அலங்கார ஆசையால் அல்ல. ரோமத்துக்கு உண்ணும் மருந்து பலன் காட்ட ஆறு மாதமாவது ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், இரண்டாவது மாதத்தில் நம்பிக்கையிழந்து நிறுத்துகிறவர்களின் தொகை குறையும்.

முப்பத்தைந்து, நாற்பது வயதை நெருங்கும்போது இயற்கை ஒரு விசித்திரம் செய்கிறது. சினைப்பையிலுள்ள முட்டைகளின் தொகை குறையக் குறைய, பல பெண்களுக்கு அதுவரை ஒழுங்கற்றிருந்த மாதவிடாய் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. குழந்தைகளும் பிறந்து பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் அந்தக் காலத்தில், பழைய நோய் தொலைந்ததென்று வீட்டில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கல்லீரலில் கொழுப்பும் சந்தடியின்றி ஏறத் தொடங்குவது பெரும்பாலும் அந்த வயதில்தான். கர்ப்பகாலத்தில் நீரிழிவு கண்டவர்களுக்கு அபாயம் இன்னும் மிகுதி. வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரைச் சோதனை மட்டும் போதாது; எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையையும், அவரவர் அபாயத்தைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும் என்பது நிபுணர்களின் விதி. நோயைப் பரம்பரையாகக் கொண்ட குடும்பத்தில் ஆண்களும் இதற்கு விலக்கல்லர்: இப்பெண்களின் தந்தையரிடத்திலும் உடன்பிறந்த சகோதரர்களிடத்திலும் இன்சுலின் மந்தமும் நீரிழிவும் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. மாதவிடாய் என்ற எச்சரிக்கை மணி இல்லாத காரணத்தால், அந்தச் சகோதரர்களின் ரத்தத்தை யாரும் சோதிக்க நினைப்பதில்லை.